எந்த ஆண்டு, எந்த ஏவுகணை?

(நல்லம்பள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசிஎஸ் வேர்ல்ட் என்றொரு விமான சிமுலேட்டர் இருக்கிறது. வந்திருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு அது தெரிந்திருக்கும். பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் போர் விமானம் ஓட்டும் மென்பொருள் அது. பொத்தானை அமுக்கியதும் விமானம் கிளம்பிவிடாது. பேட்டரி சுவிட்சைப் போட வேண்டும், எரிபொருள் பம்பைப் போட வேண்டும், எஞ்சின் வேகம் பிடிக்கும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிக்-21 விமானத்தைத் தரையிலிருந்து ஒழுங்காகக் கிளப்பி ஒழுங்காக இறக்கப் பழகுவதற்கே புதியவனுக்குப் பல நாள் பிடிக்கும்.

அந்த மென்பொருளில் போர்க்காட்சிகளை நாமே அமைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. மிஷன் எடிட்டர் என்பார்கள். வரைபடத்தை விரித்து, எந்த நாட்டு விமானம், எந்தத் தளத்திலிருந்து கிளம்புகிறது, இறக்கைக்கு அடியில் என்ன தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். தேதியும் போடலாம். கூடவே 'வரலாற்று முறை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால், நீங்கள் போட்ட தேதியில் அந்த நாட்டுப் படையில் இல்லாதவை பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

இன்று நான் பேச வந்தது அந்தப் பொத்தானைப் பற்றித்தான். அதற்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. நாடு, கருவி, சேர்ந்த ஆண்டு, நீங்கிய ஆண்டு. பார்த்தால் நாலே பத்தி. நிரப்ப உட்கார்ந்தால்தான் வம்பு தெரியும். ஒரு போர் விமானம் 'படையில் சேர்ந்த ஆண்டு' எது என்று கேட்டால் விமானப்படையிலேயே இருவர் இரு பதில் சொல்வார்கள். இரண்டும் சரியாகவும் இருக்கும்.

ஆண்டு முன்னே பின்னே போனால் என்ன, விளையாட்டுத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம் பிள்ளைகளில் பலர் 1971 போரைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் திரையில் ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். அங்கே ஏவுகணை ஐந்து ஆண்டு முந்தி வந்துவிட்டால், அந்த விமானி ஏன் அவ்வளவு நெருங்கிப் போனான், ஏன் திரும்பிவந்தான், ஏன் செத்தான் என்பதே புரியாமல் போய்விடும்.

1971 டிசம்பர் 14ஐ எடுத்துக்கொள்வோம். அன்று காலை ஸ்ரீநகர் தளத்தின்மேல் ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, 18ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் செகோன் நாட் விமானத்தைக் கிளப்பினார். குண்டு விழும் ஓடுபாதையிலிருந்தே கிளம்பினார். அந்தச் சண்டையில் உயிரிழந்தார். இந்திய விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. அதே நாளில் நாட்டின் மறுகோடியில், குவாஹாத்தியிலிருந்து கிளம்பிய 28ஆம் ஸ்குவாட்ரனின் மிக்-21கள் விங் கமாண்டர் பிஷ்னோய் தலைமையில் டாக்கா ஆளுநர் மாளிகையை ராக்கெட்டுகளால் தாக்கின. இலக்கைக் கண்டுபிடிக்க அவர் கையில் இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு வரைபடம். ஆளுநர் மாலிக் அன்றே பதவி விலகினார்.

இந்த இரண்டு காட்சிகளையும் சிமுலேட்டரில் அமைக்கப் பாருங்கள். டிசிஎஸ்ஸில் நாட் இல்லை. சேபர் இருக்கிறது. மிக்-21 இருக்கிறது, 2014இல் வெளிவந்தது. ஆனால் அது மிக்-21பிஸ். சோவியத் படைக்கே அது வந்தது 1972இல். நம்மிடம் வந்தது எழுபதுகளின் பிற்பகுதியில். 1971 டிசம்பரில் டாக்காவுக்கு மேல் பறந்தது மிக்-21எஃப்எல். விமானப்படையில் டைப் 77 என்பார்கள். 'மிக்-21, இந்தியா, 1963' என்று அட்டவணையில் ஒரே வரி எழுதினால், எழுதியவர் பொய் சொல்லவில்லை. 1963இல் சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரன் மிக்-21களைப் பெற்றது உண்மை. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் டைப் 74, 76, 77, 96, 75 என்று ஐந்தாறு விமானங்கள் இருக்கின்றன. டைப் 77க்கு உடலுக்குள் பீரங்கி கிடையாது. தேவைப்பட்டால் வயிற்றுக்கு அடியில் ஒரு பெட்டியில் கட்டித் தொங்கவிட வேண்டும், ஜிபி-9 என்று பெயர். பிஸ்ஸில் பீரங்கி உள்ளேயே இருக்கிறது. டைப் 77க்கு இறக்கைக்கு அடியில் இரண்டே கொக்கி, பிஸ்ஸுக்கு நான்கு. ரேடாரும் வேறு. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே மூக்கு, ஒரே முக்கோண இறக்கை. ஓட்டுபவனுக்கு அவை வேறு வேறு விமானங்கள்.

பீரங்கி உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன? 1971 டிசம்பர் 12 அன்று ஒரு மிக்-21எஃப்எல், பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை ஜாம்நகர் பக்கம் துரத்திச் சென்று வீழ்த்தியது. ஓட்டியவர் பாரத் பூஷண் சோனி. கடைசியில் காரியத்தை முடித்தது ஏவுகணை அல்ல, வயிற்றில் தொங்கிய அந்தப் பெட்டிப் பீரங்கி. அந்தப் பெட்டி போருக்கு முன்பே கைக்கு வந்திருக்காவிட்டால் அந்த எஃப்-104 வீடு திரும்பியிருக்கக்கூடும். விமானம் சேர்ந்த ஆண்டைவிட, ஒரு துணைக்கருவி சேர்ந்த ஆண்டு சண்டையைத் தீர்மானித்த இடம் இது. எந்த அட்டவணையிலும் ஜிபி-9க்குத் தனி வரி போட யாருக்கும் தோன்றாது.

அந்த விமானத்தின் ஏவுகணைக்கே வருவோம். கே-13. இதன் பிறப்புக் கதை விசித்திரமானது. 1958 செப்டம்பரில் தைவான் ஜலசந்திக்கு மேல் நடந்த சண்டையில், தைவான் சேபர்கள் அமெரிக்காவின் புதிய சைட்விண்டர் ஏவுகணைகளை ஏவின. அதில் ஒன்று சீன மிக்-17 ஒன்றில் பாய்ந்து, வெடிக்காமல் அப்படியே செருகிக்கொண்டு நின்றுவிட்டது. விமானி அதைச் சுமந்தபடி தரை இறங்கினார். ஏவுகணை மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தார்கள், அளந்தார்கள், அதேபோல் செய்தார்கள். 1960 வாக்கில் கே-13 சோவியத் படையில் இருந்தது. ஆக, 1965லும் 1971லும் நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த வான்சண்டையில் இரு பக்கத்து இறக்கைகளிலும் தொங்கியது ஏறக்குறைய ஒரே ஏவுகணைதான். ஒன்று அசல், மற்றொன்று அதன் நகல்.

அதன் குணங்களும் ஒன்றே. எதிரியின் எஞ்சின் சூட்டைப் பார்த்துப் போகும், ஆகவே பின்னாலிருந்துதான் ஏவ முடியும். எதிரி சற்றே வேகமாகத் திரும்பினால் தவறவிடும். ஏவுகிறவனும் வளைந்துகொண்டிருக்கக் கூடாது. தாழ்வாகப் பறந்தால் வெயிலில் காய்ந்த தரையின் சூட்டில் குழம்பும். முன்னாலிருந்தும் ஏவக்கூடிய ஏஐஎம்-9எல் எழுபதுகளின் இறுதியில்தான் வந்தது. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டனின் சீ ஹாரியர்கள் அதை வைத்துத்தான் அர்ஜென்டினாவை அடித்தன. 1971 காட்சியில் ஒருவர் கவனக்குறைவாக அதை மாட்டிவிட்டால், எதிரியின் வாலைப் பிடிக்க ஏன் இவ்வளவு பாடு என்று ஆட்டக்காரனுக்குத் தோன்றும். அன்றைய விமானிகளின் பயிற்சி முழுக்க அந்த வாலைப் பிடிப்பதற்குத்தான்.

1965க்குப் போனால் சிக்கல் வேறு வகை. பாகிஸ்தானிடம் அப்போது சுமார் 100 எஃப்-86 சேபர்கள். சைட்விண்டர் ஏவுவதற்கான மின்கம்பி இழுக்கப்பட்டிருந்தது அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மட்டுமே. மற்றவை ஆறு இயந்திரத் துப்பாக்கிகளோடு பறந்தன. சிமுலேட்டரின் அட்டவணைக்கு 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே பதில் தெரியும். 'ஆம்' என்றால் பாகிஸ்தானின் எல்லாச் சேபர்களும் ஏவுகணை வாங்கிவிடும். 'இல்லை' என்றால் ஒன்றுக்கும் கிடையாது. இரண்டுமே 1965 அல்ல. நம் பக்கம் அந்த ஆண்டு மிக்-21கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. நாட் விமானத்தில் இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி, ஏவுகணை கிடையாது, பீரங்கியும் சில நேரம் சிக்கிக்கொள்ளும். எதிரே வருவது ஏவுகணை உள்ள சேபரா, இல்லாத சேபரா என்று தெரியாமல் போனவர்கள் இவர்கள். அந்தத் தெரியாமையை எந்தச் சிமுலேட்டரும் தருவதில்லை. தரலாம், காட்சி அமைப்பவர் கொஞ்சம் மெனக்கெட்டால். நான்கு சேபரில் ஒன்றுக்கு மட்டும் ஏவுகணை மாட்டி, எதற்கு என்பதை ஆட்டக்காரனுக்குச் சொல்லாமல் விட்டால் போதும்.

இந்த இடத்தில் போட்டி மென்பொருள் ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை. வார் தண்டர் என்பதில் ஆண்டுக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் வலிமையை வைத்து ஒரு மதிப்பெண் தருகிறார்கள். மதிப்பெண் ஒத்தவை மோதும், இருபது ஆண்டு இடைவெளி இருந்தாலும். நியாயமான போட்டிக்கு அது சரி. வரலாற்றுக்கு அதில் வேலை இல்லை. ஆனாலும் அதன் ஆட்டக்காரர்களின் துல்லிய வெறி சாமானியமானதல்ல. 2021இல் ஒருவர் தங்கள் டாங்கியைச் சரியாகக் காட்டவில்லை என்ற கோபத்தில், பிரிட்டனின் சேலஞ்சர்-2 டாங்கிக் கையேட்டின் பக்கங்களையே எடுத்து வெளியிட்டுவிட்டார். தயவுசெய்து அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்று இங்குள்ள தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, 'சேர்ந்தது' என்றால் என்ன? நம் ஊருக்குப் பக்கத்துக் கதையாகவே பார்ப்போம். நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பெங்களூரு. அங்கே வடிவமைத்து, அங்கேயே செய்யப்பட்ட விமானம் தேஜஸ். முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. பெயர் வைத்தது 2003, வாஜ்பாயி. முதல்நிலைச் செயல்பாட்டு ஒப்புதல் 2011 ஜனவரி. அது போதாமல் இரண்டாம் கட்டமாக மறுபடியும் ஒப்புதல் 2013 டிசம்பர். முதல் ஸ்குவாட்ரன் உருவானது 2016 ஜூலை 1, இரண்டே இரண்டு விமானங்களோடு. அந்த ஸ்குவாட்ரன் கோவைக்குப் பக்கத்தில் சூலூருக்கு வந்தது 2018. இறுதி ஒப்புதல் 2019 பிப்ரவரி. செகோனின் பழைய 18ஆம் ஸ்குவாட்ரன் சூலூரில் தேஜஸோடு மறுபிறவி எடுத்தது 2020 மே 27.

வீடு கட்டுகிறவருக்கு இது புரியும். கடைக்கால் போட்ட நாள், நிலை வைத்த நாள், பால் காய்ச்சிய நாள், சாமான் செட்டோடு குடிவந்த நாள் என்று எல்லாம் இருக்கிறது. பத்திரத்தில் வேறொரு தேதி. வீடு எப்போது கட்டினீர்கள் என்று யாராவது கேட்டால் அவரவர் மனத்துக்குப் பிடித்த ஒரு நாளைச் சொல்கிறார்கள்.

தேஜஸுக்கு நான் 2018 என்று போடுவேன். 2016இல் பெங்களூரில் நடந்தது தேங்காய் உடைத்த விழா. இரண்டு விமானத்தை வைத்துக்கொண்டு யாரும் போருக்குப் போக முடியாது. இறுதி ஒப்புதலுக்காகக் காத்திருப்பதும் சரியல்ல, ஏனென்றால் அதற்கு முன்பே சூலூரிலிருந்து அவை தினமும் பறந்துகொண்டிருந்தன. ஒரு ஸ்குவாட்ரன் தன் சொந்தத் தளத்தில் நின்று, ஆயுதம் மாட்டிக்கொண்டு, கூப்பிட்டால் போகும் நிலையில் இருந்தால் அதுதான் சேர்ந்த நாள். இது என் அளவுகோல். வேறு அளவுகோல் வைத்திருப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே அட்டவணையில் ஒரு விமானத்துக்கு முதல் பறப்பையும் இன்னொன்றுக்கு இறுதி ஒப்புதலையும் போடுகிறவரோடுதான் சண்டை.

தஞ்சாவூரையும் இதே கோலால் அளக்கலாம். சுகோய்-30 விமானத்திலிருந்து பிரம்மோஸ் ஏவுகணையை முதன்முதலாக ஏவிப் பார்த்தது 2017 நவம்பர் 22, வங்கக் கடலில். பத்திரிகைகள் அன்றே 'சேர்ந்துவிட்டது' என்று எழுதின. தஞ்சாவூரில் 222ஆம் ஸ்குவாட்ரன் அந்த ஏவுகணைக்கென்றே அமைந்தது 2020 ஜனவரி 20. இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல். 2018 தேதியிட்ட ஒரு காட்சியில் தஞ்சாவூரிலிருந்து பிரம்மோஸ் பறந்தால் அது கற்பனை.

ஆயுதம் விழாவில் இருப்பது வேறு, வேலையில் இருப்பது வேறு என்பதை இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் அதியமான்கோட்டை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போன கதை உங்களுக்குத் தெரியும். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்லிவிட்டார். புறநானூற்றில் 95ஆம் பாடல். அதைப் புகழ்வதுபோல் இகழ்வது என்று பள்ளியில் படித்திருப்போம். எனக்கு அது ஒரு பராமரிப்பு அறிக்கையாகவும் படுகிறது. எத்தனை வேல் இருக்கிறது என்பதைவிட எத்தனை வேல் களத்துக்குப் போய்ப் பட்டறைக்கு வந்திருக்கிறது என்பதை அந்த அம்மையார் கணக்கெடுத்தார். இன்று விமானப்படைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் தொண்டைமான் கொட்டிலை எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

உலக அளவிலும் இதே தவறுதான். சிமுலேட்டர்களில் 1991 வளைகுடாப் போர்க் காட்சிகள் ஏராளம். அவற்றில் பலவற்றில் அமெரிக்க விமானங்கள் ஏஐஎம்-120 ஆம்ராம் ஏவுகணையைத் தாராளமாக ஏவுகின்றன. போர் முடிந்தது 1991 பிப்ரவரி 28. ஆம்ராம் முறைப்படி சேவைக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பரில். போரின் கடைசி நாட்களில் சில எஃப்-15கள் அதை மாட்டிக்கொண்டு பறந்தது உண்மை. ஏவவில்லை. அது முதன்முதலில் ஒரு விமானத்தை வீழ்த்தியது 1992 டிசம்பர் 27 அன்று, தெற்கு ஈராக்குக்கு மேல், ஒரு எஃப்-16 ஓர் ஈராக்கிய மிக்-25ஐ அடித்தபோது. '1991' என்று ஆண்டை மட்டும் வைத்துக்கொள்ளும் அட்டவணையில் பிப்ரவரியும் செப்டம்பரும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தப் போரில் வான்சண்டையின் பெரும் பங்கைச் செய்த ஏஐஎம்-7 ஸ்பேரோ, தன் இலக்கைத் தாக்கும்வரை விமானி எதிரியை ரேடாரில் பிடித்து வைத்திருக்க வேண்டிய ஏவுகணை. ஆம்ராமை ஏவினால் கடைசி நேரத்தில் அது தானே பார்த்துக்கொள்ளும், விமானி திரும்பிவிடலாம். ஒருவனைக் கடைசிவரை எதிரியை நோக்கிப் பறக்க வைப்பதும் நடுவழியில் திரும்ப விடுவதும் ஒன்றா?

கார்கில் இதைவிடக் கூர்மையான உதாரணம். 1999 மே 26 அன்று விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாளே ஒரு மிக்-27உம் ஒரு மிக்-21உம் போயின, அதற்கடுத்த நாள் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர். உயரத்திலிருந்து துல்லியமாக அடிக்க வழி வேண்டியிருந்தது. மிராஜ்-2000 நம்மிடம் 1985 முதல் இருக்கிறது. அதில் லேசர் வழிகாட்டிக் குண்டை இலக்கைக் குறிபார்க்கும் இஸ்ரேலின் லைட்னிங் கருவியோடு சேர்த்து வேலை செய்யவைக்கும் ஏற்பாடு அந்தப் போரின் நடுவில்தான் அவசர அவசரமாக முடிந்தது. ஜூன் 24 அன்று டைகர் ஹில்லில் லேசர் குண்டு விழுந்தது. ஆக மே மாதக் கார்கில் ஒரு போர், ஜூன் இறுதிக் கார்கில் வேறொரு போர். ஆண்டு மட்டும் போதாது, மாதம் வேண்டும். சில இடங்களில் நாளே வேண்டும். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' பார்த்தவர்களுக்குக் கார்கில் காலம் நினைவிருக்கும். அந்தப் படத்துக்கு ஆலோசனை சொன்ன ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்த்தமானின் மகன்தான் 2019இல் நாடே பேசிய அபிநந்தன்.

அபிநந்தன் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்களோடு அவர் மோதிய காட்சியைப் பலர் டிசிஎஸ்ஸின் மிக்-21பிஸ்ஸை வைத்து அமைக்கிறார்கள். அவர் ஓட்டியது பைசன். பிஸ்ஸின் உடலுக்குள் புதிய ரேடார், தலைக்கவசத்தில் குறிபார்க்கும் கருவி, ஆர்-73 ஏவுகணை எல்லாம் வைத்த விமானம். தலையைத் திருப்பிய பக்கம் ஏவுகணை பார்க்கும். பழைய பிஸ்ஸில் மூக்கைத் திருப்பினால்தான் உண்டு. பிஸ்ஸை வைத்து அந்தச் சண்டையை ஆடிவிட்டு, இவ்வளவு பழைய விமானத்தில் எப்படிப் போனார் என்று வியப்பவர்களுக்கு, அவர் போனது அந்தப் பழைய விமானத்தில் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ஆதாரத்தின் கதை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருப்பது தெரியும். வெட்சி, கரந்தை என்று ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கு நட்ட கற்கள். வீரன் ஒரு கையில் வாளோ வில்லோ பிடித்திருப்பான். மேலே, இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று பல கற்களில் வெட்டியிருக்கும். அந்தக் கல் நமக்கு என்ன சொல்கிறது? அந்த ஆண்டில் அந்த வகை வில் புழக்கத்தில் இருந்தது என்று சொல்கிறது. எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று சொல்லாது. 'இந்த ஆண்டுக்குள்' என்பது வேறு, 'இந்த ஆண்டில்' என்பது வேறு. தொல்லியல் படித்தவர்கள் இந்த இரண்டையும் கலக்கமாட்டார்கள். சிமுலேட்டர் அட்டவணை போடுகிறவர்கள் கலக்குகிறார்கள். ஒரு புகைப்படம் கிடைக்கும், இறக்கையில் ஏவுகணை தெரியும், படம் எடுத்த ஆண்டையே சேர்ந்த ஆண்டாக எழுதிவிடுவார்கள்.

2019 பிப்ரவரி 28 அன்று டெல்லியில் முப்படை அதிகாரிகள் ஓர் உலோகத் துண்டைத் தூக்கிக் காட்டினார்கள். ஏஐஎம்-120 ஆம்ராமின் துண்டு. பாகிஸ்தானிடம் அதை ஏவக்கூடிய விமானம் எஃப்-16 மட்டுமே, ஆகவே முந்தின நாள் சண்டைக்கு எஃப்-16 வந்தது என்று வாதம். 2025 மே மாதம் பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கம் வயலில் சீனத்து பிஎல்-15 ஏவுகணையின் துண்டுகள் கிடைத்தன. பாகிஸ்தான் படையில் அது சண்டைக்கே வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதுவும் 'இந்த மாதத்துக்குள்' என்ற சாட்சிதான். மேல் எல்லை தெரியும். கீழ் எல்லைக்குக் காகிதம் வேண்டும்.

காகிதம்தான் நம்மிடம் கிடைப்பதில்லை. 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதாமீது நடந்த தாக்குதலில் குடகைச் சேர்ந்த தேவய்யா என்ற விமானி திரும்பவில்லை. அவர் மிஸ்டேர் விமானத்தில் ஓர் எஃப்-104உடன் மோதி அதை வீழ்த்தினார் என்பது நம் பக்கம் யாருக்கும் தெரியாது. 1979இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேயர் பாகிஸ்தான் விமானப்படையைப் பற்றி எழுதிய புத்தகம் வந்த பிறகுதான் துப்புக் கிடைத்தது. மகாவீர் சக்கரம் 1988இல், இருபத்துமூன்று ஆண்டு கழித்து. எதிரியின் புகழைப் பாட எழுதிய புத்தகத்திலிருந்து நம் வீரனின் பதக்கம் வந்தது. அதற்குப் பிறகு ஜெகன் மோகன், சமீர் சோப்ரா போன்றவர்கள் இரு பக்கத்து விமானிகளையும் தேடிப் பேசி 1965க்கும் 1971க்கும் நாள்வாரியாகப் புத்தகம் எழுதினார்கள். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது: போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டில் திறந்துவிடலாம் என்று. அப்படிப் பார்த்தால் கார்கிலுக்கே கெடு வந்துவிட்டது. இங்குள்ள கல்லூரி மாணவர்கள் யாராவது கேட்டுப் பார்க்கலாம்.

நீங்கிய ஆண்டைப் பற்றிக் கொஞ்சம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள். 62 ஆண்டு. தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். ஆனால் டாக்காவை அடித்த டைப் 77 அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 2013 டிசம்பர் 11 அன்று கலைக்குண்டாவில் விடைபெற்றுவிட்டது. 2025இல் போனது பைசன். வெளிநாட்டிலும் இதே கணக்கு. ருமேனியா தன் மிக்-21களை 2023இல் நிறுத்தியது. அமெரிக்கக் கடற்படை எஃப்-14ஐ 2006இல் ஓய்வு கொடுத்து அனுப்பியது, ஈரான் அதன்பிறகும் பறக்கவிட்டது. 2010 என்று தேதி போட்டால் அமெரிக்கப் பட்டியலில் எஃப்-14 மறைய வேண்டும், ஈரான் பட்டியலில் இருக்க வேண்டும். இதை நாடுவாரியாகப் பிரித்த அட்டவணை செய்துவிடும். அந்த விதத்தில் அந்தப் பொத்தானைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கடைசியாக, பக்கத்து மேசையில் வைத்திருக்கும் கணினியைப் பற்றி. அதில் 1971 டிசம்பர் 14 என்று தேதி போட்டு ஒரு காட்சி வைத்திருக்கிறேன். வங்காள வரைபடம் அந்த மென்பொருளில் கிடையாது, ஆகவே வேறொரு சமவெளியில் டாக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப் 77உம் கிடையாது, பிஸ்தான் இருக்கிறது. வரலாற்று முறையை அணைத்துவிட்டு, பிஸ்ஸை முடிந்த அளவு டைப் 77 ஆக்கியிருக்கிறேன். வெளிப்பக்கக் கொக்கிகள் இரண்டும் காலி. உள்பக்கக் கொக்கிகளில் கூட்டுக்குப் பதினாறு வீதம் 57 மில்லிமீட்டர் ராக்கெட் முப்பத்திரண்டு. உள்ளிருக்கும் பீரங்கிக்குக் குண்டு போடவில்லை. ரேடாரைத் தொடாமல் ஓட்டுங்கள், அது 1971இன் ரேடார் இல்லை. ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். அதற்கு முன் கேள்வி இருந்தால் கேளுங்கள்.